அங்கே ஒண்ணுமே இல்லை சார்!

"தேவதானப்பட்டியா? அங்கே என்னய்யா இருக்கு?"

மூன்று நாள் லீவ் கேட்டு லெட்டரை நீட்டியபோது எங்கள் மேனேஜர் கேட்ட கேள்வி இது. கொடைக்கானல் என்று எழுதியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பார். கொடைக்கானல் மலை முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒருவன் லீவ் போட்டுக்கொண்டு போவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

"ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான் சார்."

"அப்ப அவனை இங்கே வரச் சொல்லேன்!"

ஆபீஸ் ஞாயம் அப்படித்தான் இருக்கும். விடுங்கள். லீவ் கிடைத்துவிட்டது.

வத்தலக்குண்டில் பெரியகுளம் பஸ் ஏறினால், கொஞ்ச தூரத்தில் காட்ரோடு என்று ஒரு முக்கு வரும். அதுவரை நம்மோடு கூடவே வந்த வேன்கள், கார்கள், புதுத் தாலி மின்னும் தேனிலவு ஜோடிகள் எல்லாரும் அங்கே சடாரென்று வலது பக்கம் திரும்பி மலை ஏறிவிடுவார்கள். நம் பஸ் மட்டும் அநாதை மாதிரி நேரே போகும். அப்படி நேரே போனால் வருவதுதான் தேவதானப்பட்டி. வடக்கே சுவர் வைத்த மாதிரி பழனி மலை. கீழே மாந்தோப்பு, தென்னந்தோப்பு, நடுவே மஞ்சளாறு.

கொடைக்கானல் போகிறவர்கள் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, எதிர்மலையில் வெள்ளைக் கோடாக விழும் எலிவால் அருவியைப் பார்த்து "வாவ்!" சொல்லிவிட்டு, நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்களே, தலையாறு அருவி என்று அதற்கு இன்னொரு பெயர். 975 அடி உயரம். அந்தத் தண்ணீர் கீழே விழுந்தபிறகு என்ன ஆகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அது மஞ்சளாறாகி, 57 அடி உயர அணைக்கு வந்து சேர்ந்து, தேவதானப்பட்டி சுற்றுவட்டாரத்து வயல்களில் பாய்கிறது. மேலே 'வாவ்', கீழே சோறு.

நண்பன் கல்லூரியில் என்னோடு படித்தவன். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, அப்பாவின் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். (எங்கள் செட்டிலேயே அவன் ஒருவனுக்குத்தான் பி.பி. இல்லை.) வந்த அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு போனது மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்கு.

இந்தக் கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவறைக் கதவு பூட்டியே இருக்கும். பூஜை, தீபாராதனை எல்லாம் சாத்திய கதவுக்குத்தான். ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த பெட்டி மூங்கில் புதரில் அணைந்து நின்றது, அதுதான் அம்மன் என்பது கதை. நேர்த்திக்கடனாக வரும் நெய் பானை பானையாக இருக்கிறது. எறும்பு மொய்க்காது என்கிறார்கள். சிவராத்திரிக்குக் கூட்டம் அலைமோதும். அத்தனை பேரும் கும்பிடுவது ஒரு கதவை. உள்ளே அம்மன் இருக்கிறாள் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது.

சாயங்காலம் தோப்புக்குப் போனோம். காவல்காரப் பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் துண்டு, கையில் கம்பு, காதில் பீடி. வேலிக்கு அந்தப்பக்கம் மலைச்சரிவு ஆரம்பிக்கிறது. முள், பாறை, அங்கங்கே கள்ளி.

"மேல என்ன பெரியவரே இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. வெறும் கரடுதேன்."

சரி என்று வேலி ஓரமாக நாலு எட்டு வைத்திருப்பேன். "தம்பி, தம்பி! ஆறு மணிக்கு மேல அங்கிட்டுப் போகாதீக. காட்டுமாடு எறங்குற நேரம்."

"காட்டுமாடா?"

"ஆமா. அது போச்சுன்னா பன்னி வரும். முள்ளம்பன்னி வரும். போன மாசம் வரைக்கும் சிறுத்தை ஒண்ணு சுத்திக்கிட்டுத் திரிஞ்சுச்சு. நாய் ஒண்ணைக் காணோம்."

"ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே!"

பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது எப்பவும் இருக்குறதுதேன தம்பி!"

அன்றைக்கு ராத்திரி பூராவும் அந்தப் பதில் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் பார்க்கிறவருக்கு அது சொல்லத் தக்க சமாச்சாரமே இல்லை. பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்து, நின்றபடியே கேட்டுவிட்டுப் போகிறவர் என்ன எழுதிக்கொள்வார்? 'உள்ளூர் மக்களிடம் விசாரித்ததில், குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை.' இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் காட்டுமாடு காணாமல் போய்விட்டது!

இது கற்பனை ஜீப்தான். ஆனால் 'ஒண்ணுமில்லை' என்ற சொல்லுக்கு என்ன விலை என்பதற்கு இதே தேனி மாவட்டத்தில் நிஜமான கதை ஒன்று உண்டு. அந்த மலையைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு நாளாக ஆசை. அடுத்த நாள் போடியில் நண்பனின் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. பைக்கில் கிளம்பிவிட்டோம். பெரியகுளம், தேனி, போடி. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு (மூன்றாவது முறை போட வந்தவரை நான் தடுக்கவில்லை), ராசிங்காபுரம் வழியாக பொட்டிப்புரம்.

பொட்டிப்புரம் என்றதும் சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். நியூட்ரினோ!

நியூட்ரினோ என்பது அணுவைவிடச் சிறிய துகள்களிலேயே மகா சங்கோஜி. எதனோடும் ஒட்டாது. சூரியனிலிருந்து புறப்பட்டு, உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக மட்டும் ஒரு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி போகிறது. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை கோடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் ஆகாது. நம் ஆபீஸில் சர்க்குலர்கள் நம்மைக் கடந்து போகிற மாதிரிதான்.

அதைப் பிடித்து ஆராயவேண்டுமானால் மற்ற துகள்களின் இரைச்சல் இல்லாத இடம் வேண்டும். நாலு பக்கமும், தலைக்கு மேலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே நியூட்ரினோவைப் பார்த்த நாடு இது. உலகத்திலேயே முதல் வரிசை. அந்தச் சுரங்கம் மூடப்பட்டபிறகு நமக்கென்று ஓர் இடம் இல்லை. அதனால் ஒரு மலையைக் குடைந்து, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டு, அதன் கோடியில் 132 மீட்டர் நீளக் குகை வெட்டி, 50,000 டன் காந்த இரும்பை அடுக்கிவைப்பது என்று திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய்.

முதலில் பார்த்த இடம் நீலகிரியில் சிங்காரா. முதுமலைக்குப் பக்கம், யானைகள் போய்வருகிற வழி. 2009 நவம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முடியாது என்றுவிட்டார். தேனிப் பக்கம் சுருளியாறு என்று ஒரு யோசனை வந்தது. அங்கே அடர்ந்த காடு, மரம் வெட்டவேண்டும். கடைசியில் வந்து நின்ற இடம்தான் பொட்டிப்புரம். நல்ல கெட்டியான சார்னோகைட் பாறை. மழை குறைவு. முக்கியமாக, மரம் வெட்டவேண்டியதில்லை. முள்ளுப்புதர்தான். 66 ஏக்கர் புறம்போக்கு. எல்லாருக்கும் நிம்மதி. ஏன் என்றால், அங்கேதான் ஒண்ணுமே இல்லையே!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், பயிர் கருகும் என்றெல்லாம் அப்போது மேடைகளில் பேசினார்கள். அதில் சத்து இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்தத் துகள் இப்போதும்தான் உங்களைக் கடந்துகொண்டிருக்கிறது. சுரங்கத்துக்கு வைக்கும் வெடி, அதன் அதிர்வு, தோண்டி எடுக்கும் பாறை, வருஷக்கணக்கில் ஓடப்போகும் லாரி, இவைதான் கேட்கவேண்டிய கேள்விகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கேள்வி: அந்தச் சரிவில் ராத்திரியில் யார் நடக்கிறார்கள்?

இதைக் கண்டுபிடிக்கத்தான் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 1994-ல் முதல் அறிவிக்கை, 2006-ல் புதியது. பெரிய அணை, சுரங்கம், நெடுஞ்சாலை எது கட்டினாலும் முன்கூட்டியே அந்த இடத்தில் என்ன செடி, என்ன பிராணி, அதில் எது அரிதானது என்று பார்த்து எழுதவேண்டும்.

இதில் ஒரு தமாஷ். பார்த்து எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் தெரியுமோ? கட்டப்போகிறவர்தான்! நமக்குப் பெண் கொடுக்கப்போகிறவர் நம்மைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்புகிறார், அந்த ஆளுக்கு பஸ் சார்ஜும் பிரியாணியும் நாமே வாங்கித் தருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தங்கமான பையன், வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டான்' என்று ரிப்போர்ட் போகாமல் வேறென்ன போகும்?

அந்த ஆள் நாணயஸ்தர் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது வருகிறார் என்று ஒன்று இருக்கிறதே! காலை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து பார்த்தால் நாம் ஃபைலும் கையுமாக இருப்போம். ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனைக் கடையில் வந்து பார்த்தால்... வேண்டாம், வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

மலைக்கும் அதேதான். பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரு பருவத்துத் தகவல் இருந்தால் போதும். அதுவும் மழைக்காலம் தவிர்த்து! காற்றில் தூசி எவ்வளவு என்று அளப்பதற்கு இது சரி. மழையில் தூசி அடங்கிவிடும். ஆனால் தேனியின் முள்ளுக்காடு ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கண்ணைத் திறக்கிறது. புல், பூண்டு, கிழங்குச் செடி, தவளை, பூச்சி எல்லாம் அந்தக் கொஞ்ச நாளில் தலைகாட்டிவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். பங்குனியில் போய்ப் பார்த்தால் கல்லும் முள்ளும்தான். அப்போது எழுதுகிற பட்டியல் பொய்யில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்த சென்சஸ், அவ்வளவுதான்.

குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பழனி மலையிலும் மூணாறு பக்கமும் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. நடுவே எந்த வருஷம் போனாலும் அது ஒரு பச்சைப் புதர். செடியைத் தெரிந்தவர் கூட வராவிட்டால் 'புதர்' என்றுதான் பட்டியலில் ஏறும்.

தேவாங்கு இன்னும் மோசம். பகலெல்லாம் கிளை நடுவில் சுருண்டு தூங்கும். நம் ஆபீஸில் சிலரைப் போல. ராத்திரியில், அதுவும் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் விளக்கோடு போனால், இரண்டு கங்கு மாதிரி கண் மின்னும். அந்தக் கண்ணைத்தான் எண்ணவேண்டும். அது வசிப்பது பெரும்பாலும் நாம் 'கரடு', 'தரிசு' என்று ஒதுக்கிய இடங்களில். பக்கத்துத் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் அப்படிப்பட்ட 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அதற்கு முந்தைய நாள்வரை அங்கேயும் பலருக்கு ஒண்ணுமில்லைதான்.

ராசிங்காபுரம் பக்கம் டீக்கடையில் நிறுத்தினோம். நின்ற இடத்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. மேற்கே கேரள எல்லை மலைகள். கிழக்கே, பள்ளத்தாக்கைத் தாண்டி, நீலமாக மேகமலை. வெள்ளைக்காரன் வைத்த 'ஹைவேவிஸ்' என்ற பெயரில்தான் இன்னும் அதற்கு பஸ் போகிறது.

அந்த மேகமலையில் 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரத் துரை ஒரு வௌவாலைப் பிடித்து, பதப்படுத்தி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பார்த்து, எங்கேயும் இருக்கிற சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதிக் கட்டி டிராயரில் போட்டுவிட்டார்கள். 24 வருஷம் அது டிராயரிலேயே கிடந்தது. பிறகு கிட்டி தொங்லாங்யா என்ற தாய்லாந்துக்காரர் வந்து, அதே வௌவாலை எடுத்துப் பார்த்து, 'இதென்னய்யா, வாலே இல்லை?' என்று ஆராய்ச்சி செய்தார். அது புது இனம் மட்டுமல்ல, அந்தப் பேரினத்திலேயே அது ஒன்றுதான்! 1972-ல் பெயர் வைத்தார்கள்: சாலிம் அலி பழந்தின்னி வௌவால். இன்று வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் பட்டியலில் இருக்கிறது. கையில் பிடித்து, பாட்டம் பண்ணி, டிராயரில் வைத்திருந்த பிராணியே கால் நூற்றாண்டு யார் கண்ணிலும் படவில்லை என்றால், மலையில் சுதந்திரமாகத் திரிகிறதை ஒரு பருவத்தில் பிடித்துவிடமுடியுமா?

அதே சாலிம் அலியின் பெயரால் கோவை ஆனைகட்டியில் ஒரு மையம் உண்டு. சுருக்கமாக சாக்கான். பறவை, விலங்கு ஆராய்ச்சியில் நாட்டில் பேர் பெற்ற நிறுவனம். பொட்டிப்புரத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்தது அவர்கள்தான். 2011-ல் அனுமதியும் கிடைத்தது.

அப்புறம்தான் கதை கோர்ட் ஏறியது. 2015 மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் பூவுலகின் நண்பர்கள் போனார்கள். 2017 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம் என்ன தெரியுமா? விலங்குகளைப் பற்றி வாழ்நாள் பூரா படித்த சாக்கானுக்கு, இந்த மாதிரி அறிக்கை தயாரிப்பதற்கான அங்கீகாரச் சான்றிதழ் இல்லை! இன்னொன்று, கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் மத்திய அரசின் கடுமையான பரிசீலனை வேண்டும். நூறு மீட்டரில் சிக்கிக்கொண்டது. மாநில எல்லையோ அதைவிடப் பக்கம்.

அதைவிட வேடிக்கை, மலையைக் குடையும் இந்தச் சுரங்கம் காகிதத்தில் எந்த வகையில் வந்தது என்பது. 'கட்டடம் கட்டுதல்'! அபார்ட்மென்ட் கட்டுகிறோமே, அந்த வகை. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதி, திரும்பவும் அதே கட்டட வகையிலேயே அனுமதி தந்தது. நவம்பரில் தீர்ப்பாயம் 'சரி, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலை வாங்கிவிட்டுத்தான் தோண்டவேண்டும்' என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அங்கே சொன்னது இதுதான்: இந்த மலை, பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்தில் இருக்கிறது. தோண்ட விடமுடியாது.

புலி! முள்ளுப்புதர், ஒண்ணுமில்லை என்று தேர்ந்தெடுத்த மலையில் கடைசியில் வந்து நின்றது புலி.

அங்கே புலி குடியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். மதிகெட்டான் பூங்கா 12.82 சதுர கிலோமீட்டர்தான். ஒரு ஆண் புலிக்கு உலாவக்கூடப் பற்றாது. பெரியாற்றில் பிறந்த இளவட்டப் புலி, அப்பன் வீட்டில் இடமில்லை என்று கிளம்பி, மலை முகட்டோடு நடந்து வேறு காட்டுக்குப் போய் பிழைப்பைப் பார்க்கவேண்டும். நாம் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெட்டியோடு பஸ் ஏறி மெட்ராஸ் வந்தோமே, அந்த மாதிரி. வழி அடைபட்டால் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்து வம்சம் நலிந்துபோகும். அந்த வழியில் வருஷத்துக்கு ஓரிரு தடவை ஏதாவதொரு புலி போனால் போதும், பாதை உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் ராத்திரியில். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல். தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிவைத்து, வருஷக்கணக்கில் பொறுமையாக இருந்தால்தான் அது தெரியவரும். ஒரு பருவத்தில் வந்து போகிறவருக்கு அது தெரிய ஞாயமே இல்லை.

எனக்கு விஞ்ஞானிகள்மேல் கோபம் இல்லை, பரிதாபம்தான். அவர்களில் பலர் இளைஞர்களாக இந்தத் திட்டத்துக்குள் வந்தவர்கள். தலை நரைத்துவிட்டது. இதற்கிடையே சீனாக்காரன் குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் ஜூனோ என்று ஒரு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டி, 2025 ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்துவிட்டான். ஆரம்பத்திலேயே சரியான வகையில் விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் உள்ள ஆளைக் கூட சேர்த்துக்கொண்டு, மூன்று நாலு வருஷம் அந்த மலையை ஒழுங்காகப் பார்த்திருந்தால், 'ஆகும்' அல்லது 'ஆகாது' என்று 2014, 2015-லேயே தெரிந்திருக்கும். ஆகாது என்றால் வேறு மலை தேடியிருக்கலாம். 1,500 கோடித் திட்டத்தில் நாற்பது ஐம்பது கேமராவும் நாலு வருஷப் பொறுமையும் என்ன பெரிய செலவு?

இது நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் டெல்லிகோ என்று ஒரு அணை. 1967-ல் கட்ட ஆரம்பித்தார்கள். பாதியில், 1973-ல், ஒரு பேராசிரியர் அந்த ஆற்றில் மூணு அங்குல மீன் ஒன்றைக் கண்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் முக்கால்வாசிக்கு மேல் கட்டிய அணையை அந்த மீனுக்காக நிறுத்தியது! அடுத்த வருஷமே நாடாளுமன்றம் சட்டத்தில் விலக்குக் கொடுத்து அணைக்கு வழிவிட்டது. மீனை வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டார்கள், பிழைத்துக்கொண்டது. இதில் உச்சகட்டம், 2025 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்தார் 'அது தனி இனமே இல்லை, வேறொரு மீனின் கிழக்குப் பகுதிச் சொந்தக்காரன்' என்று கட்டுரை எழுதியதுதான். ஐம்பது வருஷம் கழித்து! முன்னால் பார்க்கவேண்டியதைப் பின்னால் பார்த்தால் மீனுக்கும் நிம்மதியில்லை, அணைக்கும் நிம்மதியில்லை, வக்கீலுக்கு மட்டும்தான் நிம்மதி.

டீக்கடைக்காரரிடம் நியூட்ரினோ பற்றிக் கேட்டேன்.

"வர்றாய்ங்க, பாக்குறாய்ங்க, போறாய்ங்க. சிலபேரு கட்டணும்ங்குறாய்ங்க, சிலபேரு கூடாதுங்குறாய்ங்க. ரெண்டு கூட்டமும் டீ குடிச்சாய்ங்க. நல்ல மனுசய்ங்கதேன்." ஒரு டம்ளரை விளக்கி வைத்துவிட்டு, "இப்ப யாரும் வர்றதில்ல" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி பட்டது.

பைக்கை ஊர் எல்லையில் விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு நடந்தோம். அம்பரப்பர் மலை. பேருக்கேற்ற மாதிரி உச்சியில் சாமி. உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொடைக்கானலில் எடுக்கிற மாதிரி போட்டோ எடுக்க ஓர் இடம் இல்லை. பாறை, உசிலை, வேல முள், காய்ந்த புல். தேவதானப்பட்டியில் ஒரு கதவைச் சாத்திவைத்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்கிறோம். இங்கே மலை முழுக்கத் திறந்து கிடக்கிறது. 'இதில் என்னடா இருக்கு' என்றுதான் நண்பனும் சொன்னான்.

வெயில் தாழ்ந்திருந்தது. ஓர் ஆத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு சரிவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கூடவே இரண்டு நாய்கள். ஒன்றின் கழுத்தில் ஆணி அடித்த தோல் பட்டை.

'இங்கே என்ன இருக்கு' என்று கேட்கக்கூடாது என்பதை மாந்தோப்புப் பெரியவரிடம் படித்தாகிவிட்டதே. வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"நாய்க்கு எதுக்கு ஆத்தா ஆணிப் பட்டை?"

"சிறுத்தை கழுத்தைத்தேனப்பா புடிக்கும்."

"இந்தப் பக்கம் எந்த எடத்துல ஆட்டை விடமாட்டீக?"

ஆத்தா கம்பை நீட்டினார். அந்த ஓடைப்பக்கம் விடமாட்டாராம், செந்நாய் தண்ணிக்கு வரும். அந்த இரட்டைப் பாறைக்கு அடியில் விடமாட்டார், மலைப்பாம்பு ஒரு குட்டியை விழுங்கியிருக்கிறது. மழை பெய்த ஒரு மாதம் வடக்குச் சரிவில் விடமாட்டார். அங்கே ஒரு கொடி முளைக்கும், தின்றால் ஆடு வயிறு ஊதிச் செத்துவிடும். கொடிக்கு என்ன பெயர் என்றேன். 'ஊதுகொடி' என்றுதான் அவர் வீட்டில் சொல்வார்களாம். மற்ற மாதங்களில் அது கண்ணில் படாது.

"மேல, அந்த முகட்டுல?"

"அங்கிட்டு நான் போனதில்ல. எங்க மாமனாரு போயிருக்காரு. ராவுல சத்தம் மட்டும் எப்பவாச்சும் கேக்கும்."

"என்ன சத்தம்?"

"யாருக்குத் தெரியும்? நாய் ரெண்டும் அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்து படுத்துக்கிரும்."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஓடை, இரட்டைப் பாறை, வடக்குச் சரிவு என்று கிறுக்கிக்கொண்டேன். ஆத்தா அதற்குள் கம்பைக் குறுக்கே நீட்டி, ஆடுகளை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தார். தினமும் சாயங்காலம் எண்ணுவாராம். நாற்பத்திமூன்று இருக்கவேண்டும். நாற்பத்திரண்டு வந்தது. இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடியும் மேலே ஏறத் தொடங்கினார்.